ஒரு பீரோ, இரண்டு பொறுப்பாளர்கள்

(ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைப் பயன்படுத்தும்போது கோப்புகளைக் கையாள்வது குறித்து, ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. கணிதப் பட்டதாரி ஆசிரியர். பள்ளியில் கணினி அறைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, எங்கள் தலைமையாசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார்; நான் மட்டும் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி வந்த பொறுப்பு இது. அதனால் இன்று நான் சொல்லப்போவது எல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டுச் செய்தது அல்ல. தவறு செய்துவிட்டுப் பிறகு படித்தது.

இங்கே இருக்கும் பலருக்கும் இரண்டு இயங்குதளம் உள்ள கணினி புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். திறந்தவுடன் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அந்த பாஸ். அந்தப் பட்டியலில் விரல் தவறி பாஸில் நுழைந்துவிட்ட பிள்ளை, "சார், லேப்டாப் கெட்டுப்போச்சு" என்று அழுதுகொண்டு வந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கெட்டுப்போகவில்லை. வேறு வாசல் வழியாக அதே வீட்டுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பட்டியல் மீண்டும் நம் அறைகளுக்குள் வருகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. கணினியைத் தூக்கிப் போடவும் மனமில்லை, பழகிய விண்டோஸை விடவும் மனமில்லை. எனவே பக்கத்தில் உபுண்டுவையோ வேறொரு லினக்ஸையோ நிறுவிக்கொள்கிறோம். நிறுவுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் கேள்விதான் பெரியது. விண்டோஸில் தட்டச்சு செய்த வினாத்தாளை லினக்ஸில் எப்படித் திறப்பது? லினக்ஸில் சேமித்த மதிப்பெண் பட்டியல் விண்டோஸில் ஏன் காணவே காணோம்?

இதைப் புரிந்துகொள்ள நம் அலுவலக பீரோவையே எடுத்துக்கொள்வோம். பீரோ ஒன்றுதான். அதுதான் கணினியின் வன்தட்டு. அதற்குள் தடுப்பு வைத்து நான்கைந்து அறைகளாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வோர் அறைக்கும் ஓர் இருப்புப் பதிவேடு உண்டு. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை பக்கம், எப்போது வைத்தது என்றெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். பதிவேடு இல்லாவிட்டால் பீரோவில் இருப்பது வெறும் காகிதக் குவியல். விண்டோஸ் தன் பதிவேட்டை எழுதும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். 1993-இல் விண்டோஸ் என்டி-யோடு வந்தது. லினக்ஸ் பெரும்பாலும் எழுதும் முறை எக்ஸ்ட்4. 2008 இறுதியில் லினக்ஸ் கருவகத்தில் நிலையான வடிவமாக ஏற்கப்பட்டது.

இரண்டு பொறுப்பாளர்களில் லினக்ஸ் இரண்டு முறையையும் படிக்கக் கற்றுக்கொண்டது. 2007-இல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள் நிலைபெற்ற பிறகு, விண்டோஸின் பதிவேட்டை லினக்ஸ் படிப்பது மட்டுமல்ல, நம்பிக்கையோடு எழுதவும் செய்கிறது. 2021-இல் வந்த 5.15 பதிப்பிலிருந்து லினக்ஸ் கருவகத்துக்குள்ளேயே அதற்கான நிரல் இருக்கிறது. விண்டோஸ் அப்படி அல்ல. எக்ஸ்ட்4 பதிவேட்டைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டால்கூடப் பரவாயில்லை. வெளியிலிருந்து செருகும் தட்டு என்றால் அது வேறொன்று சொல்லும். அதை என் சொந்த அனுபவமாகவே சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தோம். வீட்டில் உள்ள ஆயா, தாத்தா, அண்டை வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவுசெய்து வர வேண்டும். தாலாட்டு, விடுகதை, நடவுப் பாட்டு, ஏரி உடைந்த வருடத்துக் கதை, எதுவாக இருந்தாலும் சரி. மூன்று ஆண்டுகளில் நூற்று நாற்பதுக்கும் மேல் சேர்ந்தது. தமிழாசிரியர் மிஸ் அவற்றைக் கேட்டு எழுத்து வடிவமாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவுகளை எல்லாம் ஒரு வெளி வன்தட்டில் வைத்திருந்தேன். லினக்ஸ் கற்றுக்கொண்ட புதிது. ஆர்வக்கோளாறில் அந்தத் தட்டை எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்துவிட்டேன். தட்டின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் நான் தேர்தல் பயிற்சிக்குப் போயிருந்தேன். மிஸ் அந்தத் தட்டை எடுத்து விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த கணினியில் செருகியிருக்கிறார்கள். திரையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் நீங்கள் இதை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று. 'செய்ய வேண்டும்' என்று கணினியே சொல்கிறது. அதற்குக் கீழே ஃபார்மேட் என்ற பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மிஸ்ஸும் அதைத்தான் செய்தார்கள். அரை நிமிடத்தில் தட்டு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"சார், நான் எதையாவது பண்ணிட்டேனா?" என்று போனில் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்க ஒண்ணும் பண்ணல மிஸ். நான்தான் பண்ணிட்டேன். அதுல இனிமே எதையும் காப்பி பண்ணாம கழட்டி வச்சிருங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான் அன்று நான் சரியாகச் செய்த காரியம்.

ஏன் என்றால், விரைவு ஃபார்மேட் என்பது பீரோவைக் காலி செய்வதில்லை. பழைய பதிவேட்டை ஓரங்கட்டிவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேடு ஒன்றைத் திறக்கிறது. காகிதங்களில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக எதையாவது வைக்க ஆரம்பித்தால்தான் உண்மையில் அழியும். போட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பதிவேட்டைப் பற்றிக் கவலைப்படாமல், தட்டில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் புரட்டி, இது ஒலிக்கோப்பு போல் தெரிகிறது, இது படம் போல் தெரிகிறது என்று அடையாளம் பார்த்து எடுத்துக் கொடுக்கும். எடுத்ததை வேறொரு தட்டில்தான் சேமிக்க வேண்டும், அதே தட்டில் அல்ல. இரவு முழுதும் ஓடவிட்டேன். பதினெட்டைத் தவிர மற்றவை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் பெயர் போய்விட்டது. எல்லாமே எண்கள். எந்தப் பிள்ளை கொண்டுவந்தது, எந்த ஊர், யார் குரல், ஒன்றும் தெரியாது.

பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். நாலைந்து மதிய இடைவேளை போனது. "இது எங்க ஆயா சார்", "இது முத்தாலம்மன் கோயில் தெரு பெரியம்மா, பின்னாடி அவங்க வீட்டு ஆடு கத்துது பாருங்க" என்று அவர்களே பெயர் வைத்தார்கள். வராத பதினெட்டில் ஒன்று, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டியுடையது. அந்தப் பாட்டி அதற்குள் இறந்துபோயிருந்தார். அந்தப் பிள்ளை கடைசி நாள் வரை வந்து உட்கார்ந்தாள்.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். இரண்டு இயங்குதளங்களுக்கும் இடையே போய்வரும் எந்தப் பென்டிரைவையும் வெளித் தட்டையும் எக்ஸ்ட்4-இல் வைக்காதீர்கள். பிறகு எதில் வைப்பது? எஃப்ஏடி32 என்ற பழைய முறை எல்லாக் கணினியிலும் வேலை செய்யும். 1996 காலத்தது. ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபி அளவைத் தொடக்கூடாது. ஆண்டு விழாக் காணொளியை நகலெடுக்கும்போது, பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று வருகிறதல்லவா, அது இதனால்தான். பென்டிரைவ் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எக்ஸ்எஃப்ஏடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கருவகத்திலேயே அதற்கான ஆதரவு சேர்ந்துவிட்டது. அண்மைக்கால லினக்ஸ் எதுவும் அதைத் திறக்கும். ஒரே எச்சரிக்கை, எக்ஸ்எஃப்ஏடி-யில் என்டிஎஃப்எஸ்-இல் இருப்பது போன்ற நாட்குறிப்பு வசதி கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பதிவேடே குழம்பிவிடும். அதிலும் லினக்ஸில் நகலெடுக்கும் பட்டை முடிந்துவிட்டதாகக் காட்டினாலும் உள்ளே எழுதுவது தொடர்ந்துகொண்டிருக்கலாம். வெளியேற்றும் குறியைச் சொடுக்கி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகே எடுங்கள். மணி அடித்துவிட்டது என்று பிடுங்கிக்கொண்டு ஓடுவது நம் தொழிலின் வழக்கம். அதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கணினிக்குள்ளேயே இருக்கும் வன்தட்டுக்கு வருவோம். விண்டோஸில் நமக்கு சி, டி என்று எழுத்துகள் பழக்கம். ஏ, பி இரண்டும் ஒரு காலத்தில் நெகிழ்தட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் எண்ணிக்கை சி-யில் தொடங்குகிறது. லினக்ஸில் இந்த எழுத்துகளே கிடையாது. கோப்பு மேலாளரைத் திறந்து இடதுபக்கம் பாருங்கள். 'அதர் லொக்கேஷன்ஸ்' என்றோ, பகிர்வின் பெயர் அல்லது கொள்ளளவு என்றோ ஒரு வரி இருக்கும். 'டேட்டா' என்று பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் வரும். பெயர் வைக்காவிட்டால் '200 ஜிபி வால்யூம்' என்று மொட்டையாக வரும். அதனால் விண்டோஸில் இருக்கும்போதே ஒவ்வொரு டிரைவுக்கும் பெயர் வைத்துவிடுவது நல்லது. அந்த வரியைச் சொடுக்கினால் திறந்துவிடும். கடவுச்சொல் கேட்டால் லினக்ஸ் கடவுச்சொல்லைக் கொடுங்கள், விண்டோஸுடையதை அல்ல.

இவ்வளவு எளிது என்றால் பயிற்சி எதற்கு? திறக்கிறது, ஆனால் எழுதவிடவில்லை. அல்லது திறக்கவே மறுக்கிறது. என்னிடம் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். காரணமும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்.

ஒரு தலைமையாசிரியர் மாலை வீட்டுக்குப் போகிறார். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவர் பதிவேட்டில் எழுதலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. நாளைக் காலை விட்ட இடத்திலிருந்து சட்டென்று தொடங்கலாம் என்று, பதிவேட்டின் சில பக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டே போய்விட்டார். இடையில் வேறொருவர் வந்து பீரோவில் நான்கு கோப்புகளை இடம் மாற்றி, பதிவேட்டிலும் எழுதிவிட்டார். காலையில் வந்த தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்க்காமல் தன் நினைவில் இருந்ததை அதன் மேல் எழுதினால் என்ன ஆகும்?

விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இதைத்தான் செய்கிறது. நீங்கள் 'ஷட்டவுன்' கொடுக்கிறீர்கள், விளக்கு அணைகிறது, மின்விசிறியும் நிற்கிறது. ஆனால் விண்டோஸ் முழுதாக முடித்துக்கொள்ளவில்லை. தன் உள்நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, தூங்கி எழுவதுபோல் மறுநாள் எழுகிறது. சி மட்டுமல்ல, அது திறந்து வைத்திருந்த டி-யும் அதே நிலையில்தான் இருக்கும். லினக்ஸ் வந்து பார்க்கும்போது, பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை என்ற குறியைக் காண்கிறது. ஒன்று, படிக்க மட்டும் அனுமதிக்கும். அல்லது திறக்க மறுத்து ஒரு பிழைச்செய்தி காட்டும். நாம் அதைத் திட்டுகிறோம். அது நம் கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

தீர்வு லினக்ஸில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போங்கள். ஆற்றல் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு இடதுபக்கம் இருக்கும். அதற்குள், தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற வரியைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள பெட்டிகள் உயிர்பெறும். 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதில் உள்ள சரிக்குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அவ்வளவுதான். விண்டோஸ் திறக்கச் சில நொடிகள் கூடுதலாகும். ஒருமுறை மட்டும் அவசரமாக வேண்டும் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள்; முழுதாக அணையும். 'ரீஸ்டார்ட்' கொடுத்து, வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் போதும். ரீஸ்டார்ட் எப்போதும் பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டுத்தான் போகும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். நானும் நம்பாமல் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதை விட்டுவிட்டுச் சிலர் குறுக்குவழி போகிறார்கள். விண்டோஸின் உறக்கக் கோப்பை லினக்ஸிலிருந்தே நீக்கிவிட்டுக் கட்டாயமாகத் திறக்க ஒரு வழி இருக்கிறது. யாரோ விண்டோஸை 'ஹைபர்னேட்' செய்து, சேமிக்காத ஒரு வினாத்தாளைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தால், அது அத்தோடு போயிற்று. இன்னொருவர் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

எதிர்த்திசையில், அதாவது விண்டோஸிலிருந்து லினக்ஸ் பகுதியைப் பார்ப்பதற்கும் வழிகள் உண்டு. லினக்ஸ் ரீடர் போன்ற இலவச மென்பொருள்கள் படிக்க மட்டும் அனுமதிக்கும். அந்த 'மட்டும்' நல்லது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியில் எக்ஸ்ட்4 தட்டை இணைக்கலாம்; ஆனால் முழுத் தட்டையும் அதனிடம் ஒப்படைக்க வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் தட்டையே ஒப்படைக்க முடியாது என்பதால், ஒரே தட்டில் இரண்டையும் வைத்திருக்கும் நம் கணினிகளுக்கு அது உதவாது. எழுதவும் அனுமதிக்கும் பழைய நிரல்கள் சில சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்றைய எக்ஸ்ட்4-இன் புதிய வசதிகள் அவற்றுக்குத் தெரியாது. வேண்டாம்.

என் ஆலோசனை, இந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். விண்டோஸுக்கு ஒரு பகுதி, லினக்ஸுக்கு ஒரு பகுதி, இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவதாக ஒரு என்டிஎஃப்எஸ் பகுதி. அதற்குப் 'பொது' என்று பெயர் வையுங்கள். வினாத்தாள், மதிப்பெண், படங்கள், காணொளி எல்லாம் அதில். இயங்குதளம் எது கெட்டாலும், எதை அழித்து மீண்டும் நிறுவினாலும் 'பொது' அப்படியே இருக்கும். லினக்ஸில் உள்ள உங்கள் சொந்த ஹோம் கோப்புறையையே அங்கே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். லினக்ஸின் உரிமை அமைப்புகள் என்டிஎஃப்எஸ்-இல் சரியாக உட்காராது. ஆவணங்கள் மட்டும் போதும். இன்னொன்று, விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திரையில் எழுத்தும் பெயரும் இல்லாத ஒரு பெரிய கட்டம் தெரியும். இடம் வீணாகக் கிடக்கிறதே என்று அதை நீக்கிய நல்லவர்களை எனக்குத் தெரியும். அதுதான் லினக்ஸ். நீக்கியபின் பழைய கணினிகள் பல, விண்டோஸுக்கும் போகாமல் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

பொதுப் பகுதி வைத்த பிறகு வரும் தொல்லைகள் பெரும்பாலும் கோப்புப் பெயரில்தான். நான் லினக்ஸில் 'அரையாண்டுத் தேர்வு: ஏழாம் வகுப்பு' என்று முக்காற்புள்ளி வைத்து ஒரு கோப்பைச் சேமித்தேன். லினக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விண்டோஸில் கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, திறக்கவும் வரவில்லை, அழிக்கவும் வரவில்லை. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் இவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. லினக்ஸுக்குத் திரும்பிப் போய்ப் பெயரை மாற்றிய பிறகே திறந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் மார்க்ஸ் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒரு கோப்பும், சிறிய எழுத்தில் தொடங்கி இன்னொன்றும் லினக்ஸில் தனித்தனியாக இருக்கலாம். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. எதைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. தமிழில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. நம் எழுத்தில் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

ஆனால் தமிழுக்கென்று தனியே ஒரு கணக்கு இருக்கிறது. கணித ஆசிரியன் என்பதால் இதை விட மனமில்லை. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. என்டிஎஃப்எஸ்-இல் எல்லை 255 குறியீடுகள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறது அல்லவா? 'கல்வி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது க, ல, புள்ளி, வ, இகரக் குறி என ஐந்து குறியீடுகள். லினக்ஸ் பெயர்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஆக, 'கல்வி' என்பது 15 பைட்டு. 255-ஐ மூன்றால் வகுத்தால் 85. விண்டோஸில் 255 குறியீடு வரை நீளும் தமிழ்ப் பெயர், லினக்ஸ் பகுதியில் 85 குறியீட்டோடு நின்றுவிடும். யார் அவ்வளவு நீளமாகப் பெயர் வைப்பார்கள் என்று சிரிக்காதீர்கள். செயல்முறைக் கடிதத்தின் 'பொருள்' வரியை அப்படியே கோப்புப் பெயராக ஒட்டுபவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறோம். நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று வந்தால் கணினியைக் குறை சொல்லாமல் பொருளைச் சுருக்குங்கள்.

கோப்பு திறந்தும் எழுத்து தெரியாவிட்டால் அது வேறு நோய். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாக நிற்கும். டிரைவ் மாறியதால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஒருமுறை மாற்றிவிட்டால் எங்கும் படிக்கலாம்.

கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினியின் உள்கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் எண்ணும். அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எண்ணும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் காலை பத்து மணி என்பது அதிகாலை நாலரை என்று காட்டும், சரியாக ஐந்தரை மணி நேரக் குறைவு. என் கோப்பு ஒன்றின் நேரத்தைப் பார்த்து, விடியற்காலையில் எழுந்து வேலை செய்கிறேன் என்று தலைமையாசிரியர் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும். மதியம் பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று, ஆனால் சிறியதல்ல. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தான். "சார், காலாண்டு கணக்குக் கேள்வித்தாள் லேப்ல இருக்கு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கணினியின் விண்டோஸுக்கு நான் கடவுச்சொல் போட்டிருந்தேன். "எப்படிடா பார்த்த?" "லினக்ஸ்ல அந்த டிரைவ கிளிக் பண்ணேன் சார். உங்க பாஸ்வேர்டு எதுவும் கேக்கலையே."

அவன் சொன்னது முழு உண்மை. விண்டோஸ் கடவுச்சொல் என்பது விண்டோஸ் என்ற வாசலில் நிற்கும் காவலர். இன்னொரு வாசல் வழியாக வருபவரை அவர் பார்ப்பதே இல்லை. கோப்புறைக்கு நீங்கள் கொடுத்த தடைகளையும் லினக்ஸ் பொருட்படுத்தாது. கணினியில் லினக்ஸ் நிறுவியிருக்கவே வேண்டாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினாலும் இதே கதைதான். அன்று மாலையே வேறு வினாத்தாள் தயாரித்தேன். அந்தப் பையனைத் திட்டவில்லை. அவன் யாரிடமும் சொல்லாமல் என்னிடம் வந்தான் என்பதை வகுப்பில் சொல்லவும் இல்லை, அவனுக்கு அது நல்லதல்ல.

அதன் பிறகு வினாத்தாள் எதையும் நான் கணினி அறையில் வைப்பதில்லை. வைக்கவேண்டியிருந்தால் லிப்ரே ஆஃபிஸில் சேமிக்கும் பெட்டியின் கீழே 'சேவ் வித் பாஸ்வேர்டு' என்பதில் சரிக்குறி இட்டுச் சேமிக்கிறேன். இது கோப்பையே மறையாக்கம் செய்துவிடும். எந்த வாசல் வழியாக வந்தாலும் படிக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்தால் நாமும் படிக்க முடியாது. முழு டிரைவையும் மறையாக்க விண்டோஸில் பிட்லாக்கர் இருக்கிறது. புதிய கணினிகளில் அது நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் லினக்ஸில் அந்த டிரைவைச் சொடுக்கும்போது திறவுகோல் கேட்கும். 48 இலக்க மீட்பு எண் அது. லினக்ஸ் நிறுவுவதற்கு முன்பே அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதி, கணினியிலேயே வைக்காமல், அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள். பகுதியின் அளவை மாற்றும்போதோ துவக்க அமைப்பைத் தொடும்போதோ விண்டோஸே உங்களிடம் அந்த எண்ணைக் கேட்கும் நாள் வரும்.

எங்கள் ஒலிப்பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. கணினியின் பொதுப் பகுதியில் ஒன்று, எக்ஸ்எஃப்ஏடி வன்தட்டில் ஒன்று, தமிழாசிரியர் மிஸ் வீட்டில் ஒன்று. வன்தட்டின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறோம். 'ஃபார்மேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும். கழற்றிவிட்டு என்னைக் கூப்பிடவும்' என்று எழுதி என் கைப்பேசி எண்ணையும் போட்டிருக்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்குக் கணினி அறையில் செய்து பார்ப்போம். முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நீக்குவது, பிறகு பென்டிரைவை எக்ஸ்எஃப்ஏடி ஆக்குவது. பென்டிரைவ் கொண்டுவந்திருப்பவர்கள், அதில் இருப்பதைச் சாப்பாட்டு இடைவேளையிலேயே வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, நகல் திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.